தேநீரில் நனைத்துத் தாளைப் பழமையாக்குவது எப்படி? பள்ளி நாடகத்துக்குப் பன்னிரண்டு நாட்குறிப்புத் தாள்கள் தேவை

கேள்வி
எழுதியவர்: தமிழாசிரியை, விழுப்புரம்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வரும் ஆண்டு விழாவில் எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மையமாகக் கொண்ட ஒரு சிறு நாடகத்தை நடிக்கவிருக்கிறார்கள். 1846ஆம் ஆண்டில் அர்மோன் கலுவா மொம்பிரேன் புதுச்சேரியில் அந்த ஏடுகளைக் கண்டெடுக்கும் காட்சியில் நாடகம் தொடங்குகிறது. அங்கிருந்து நூறாண்டு பின்னோக்கிச் சென்று, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் காலத்தில் பிள்ளை அமர்ந்து எழுதும் காட்சிக்கு வருகிறது. இரண்டு காட்சிகளிலும் கையில் எடுத்துக் காட்ட ஒரு கணக்கேடும், அதிலிருந்து கழன்று விழும் பன்னிரண்டு தனித்தாள்களும் வேண்டும். வெள்ளை வெளேரென்ற ஏ4 தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவன் "இது நூறாண்டு பழைய ஏடு" என்று சொன்னால் முன்வரிசைக் குழந்தைகள்கூட நம்பமாட்டார்கள் என்பதால், தேநீரில் நனைத்துப் பழமையாக்கலாம் என்று முடிவு செய்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒருமுறை முயன்று பார்த்ததில் நான்கு தாள்களும் வீணாகிவிட்டன. காலையில் மீந்திருந்த கடுந்தேநீரையே பயன்படுத்தினேன். அதில் சர்க்கரை போட்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது, தாள்களைச் சுற்றி எறும்பு சாரை சாரையாக வந்திருந்தது. அதற்கு முன்பே வேறு சங்கடங்களும் நேர்ந்திருந்தன. வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் அடித்த எழுத்துகள் தேநீர் பட்டதும் நீலமாகவும் ஊதாவாகவும் பிரிந்து ஓடின. ஒரு தாளை இரு மூலையிலும் பிடித்துத் தூக்கியபோது அது நடுவில் கிழிந்து மீண்டும் தட்டிலேயே விழுந்தது. எவர்சில்வர் தாம்பாளத்தில் காயவைத்த தாள் தாம்பாளத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுக்கும்போது மேல்தோல் உரிந்தது. தப்பிய ஒரே தாளும் முழுவதும் ஒரே நிறமாக, பிஸ்கட்டைப் போல இருந்ததே தவிர, பழைய தாளாகத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. எந்தத் தாளை வாங்க வேண்டும், எழுதிவிட்டு நனைப்பதா அல்லது நனைத்துவிட்டு எழுதுவதா, மின்னடுப்பு இல்லாமல் எப்படி உலர்த்துவது, இந்த வேலையில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பதில் 1
எழுதியவர்: மேடைப்பொருள் செய்பவர், மதுரை

வணக்கம் அம்மா. பள்ளி, கல்லூரி நாடகங்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மேடைப்பொருள்கள் செய்து கொடுத்துவருகிறேன். நீங்கள் சொன்ன அத்தனை தவறுகளையும் தொடக்கத்தில் நானும் செய்திருக்கிறேன்.

முதலில் தேநீர். பாலும் சர்க்கரையும் அறவே கூடாது. சர்க்கரை எறும்பைக் கூட்டும் என்பதோடு தாளைப் பிசுபிசுப்பாகவும் ஆக்கும். பால் இரண்டே நாளில் புளித்த வாடையைத் தரும். கடையில் டஸ்ட் டீ என்று கேட்டால் கிடைக்கும் மலிவான பொடித்தேயிலையே இதற்கு மிகச் சிறந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி தூளைப் போட்டுப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் பருத்தித் துணியில் இரண்டு முறை வடிகட்டிக்கொள்ளுங்கள். தேயிலை ஆலையில் இலையைக் கசக்கிக் காற்றுப்பட விடும்போது உருவாகும் செம்பழுப்புச் சாயப்பொருள்களும், இலையில் இயல்பாக உள்ள துவர்ப்புப்பொருளான டானினும் சேர்ந்துதான் தாளின் நாரைப் பற்றிக்கொள்கின்றன. கிரீன் டீயில் அந்தப் பழுப்பு உருவாவதில்லை என்பதால் அது இந்த வேலைக்கு உதவாது. இரும்பு வாணலியில் கொதிக்கவைக்காதீர்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் சாயம் சாம்பல் கலந்த கறுப்பாகிவிடும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சாயம் கருத்து, மேலே ஓர் ஆடையும் படியும்; அப்படியானால் குடிக்கும் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் வேண்டியதைவிடக் கருத்துவிட்டால் நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கலக்கினால் உங்கள் கண்முன்னே வெளுக்கும்.

தாளைப் பொறுத்தவரை, வழுவழுப்பான பூச்சு உள்ள தாள் சாயத்தைக் குடிக்காது. நகலெடுக்கும் கடையில் கிடைக்கும் 70, 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் சாயத்தை ஏற்கும் என்றாலும் ஈரத்தில் எளிதில் கிழியும். 100 ஜிஎஸ்எம் பாண்ட் தாளோ, அச்சகங்களில் நேச்சுரல் ஷேடு என்று சொல்லும் இளமஞ்சள் மேப்லித்தோ என்ற பூச்சில்லாத அச்சுத்தாளோ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் புதுச்சேரிக்கு அருகிலேயே இருக்கிறீர்கள். அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைவினைக் காகிதத் தொழிற்கூடத்தில் பருத்தியிலிருந்து செய்த தாள் கிடைக்கும். அதன் ஓரங்கள் கத்தரிக்காமல் இழை பிரிந்து இருக்கும். பன்னிரண்டு தாள்தானே வேண்டும், செலவும் கட்டுப்படியாகும்.

பன்னிரண்டையும் நனைப்பதற்கு முன் ஒரே ஒரு தாளை ஐந்து பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் 1, 3, 5, 10, 20 என்று பென்சிலால் நிமிடத்தைக் குறித்து, அத்தனை நேரம் ஊறவைத்துக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் கருமையாகத் தெரியும் நிறம் உலர்ந்ததும் நன்றாக வெளிறும். இதை அறியாமல் பலர் பாதியிலேயே தாளை எடுத்துவிட்டு, காய்ந்த பிறகு மறுபடியும் நனைத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தாளை ஊறவைக்கும் முன் உலர்ந்த நிலையிலேயே கையால் உருட்டிக் கசக்கி, பிறகு மெதுவாக விரித்துக்கொள்ளுங்கள். கசங்கிய இடத்தில் நார் முறிந்திருப்பதால் அங்கே சாயம் கூடுதலாக இறங்கும். தட்டில் இட்ட சில நொடிகளில், அரசிலையின் நரம்பைப் போல அந்த மடிப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கருத்து எழுவதைப் பார்க்கலாம். மாணவர்களுக்குக் காட்டுங்கள், மிகவும் மகிழ்வார்கள். நனைந்த பிறகு மட்டும் கசக்கக் கூடாது. ஈரத்தில் நார்களுக்கிடையே உள்ள பிடிப்பு தளர்ந்து, தாள் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்திருக்கும். உங்கள் தாள் நடுவில் கிழிந்ததற்கும் அதுவே காரணம். தாளைவிடச் சற்றுப் பெரிய பாலிதீன் தாள் ஒன்றை முதலிலேயே தட்டில் விரித்து, அதன்மேல் காகிதத்தை இட்டுச் சாயத்தை ஊற்றுங்கள். எடுக்கும்போது பாலிதீனோடு சேர்த்துத் தூக்கி, ஒரு மூலையைச் சாய்த்துச் சாயத்தை வடியவிட்டால் காகிதத்துக்கு எந்தச் சேதமும் வராது.

காயவைப்பதற்குத் தாம்பாளம் வேண்டாம். நிழலான தரையில் பழைய வேட்டி ஒன்றை இரட்டையாக மடித்து விரித்து, அதன்மேல் பாலிதீனோடு தாளைக் கவிழ்த்துப் பாலிதீனை மட்டும் உரித்தெடுத்துவிடுங்கள். முக்கால்வாசி ஈரம் போனதும் இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் நெளிவு அடங்கிவிடும். மின்னடுப்பு தேவையே இல்லை.

ஓரங்களை மெழுகுவர்த்தியில் கருக்கிக் காட்டும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. தயவுசெய்து மாணவர்களிடம் அதை ஒருபோதும் செய்யவிடாதீர்கள். ஒரு கல்லூரி நாடகத்தின்போது இப்படிக் கருக்கிய தாள் ஒன்று காற்றில் திடீரெனப் பற்றி, அதைப் பிடித்திருந்த பெண்ணின் தாவணி முனைவரை நெருப்பு வந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மெல்லிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, அரை நிமிடம் கழித்து அந்தக் கோட்டின் வழியே கையால் கிழித்தால், இழை பிரிந்த இயல்பான ஓரம் கிடைத்துவிடும்.

---

பதில் 2
எழுதியவர்: அச்சகத் தொழிலாளி, சிவகாசி

எழுத்து ஓடியதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறிகளில் பெரும்பாலும் நீரில் கரையும் சாய மைதான் இருக்கிறது. கறுப்பாகத் தெரிந்த எழுத்து நீலமாகவும் ஊதாவாகவும் பிரிந்ததே அதற்குச் சான்று. லேசர் அச்சும் ஜெராக்ஸும் வேறு வகை; அவற்றில் கறுப்பு நிறம் ஏற்றிய பிளாஸ்டிக் தூள் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே உங்களிடம் உள்ள பக்கங்களை அருகிலுள்ள கடையில் 100 ஜிஎஸ்எம் தாளில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு தேநீரில் நனைத்தால் ஓர் எழுத்தும் ஓடாது. கசக்கும்போது தூள் ஆங்காங்கே உதிர்ந்து எழுத்து சற்றுச் சிதையும். பழைய ஏட்டுக்கு அது பொருத்தமாகவே இருக்கும். ஆனால் எழுத்து உள்ள பக்கத்தில் நேரடியாக இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், தூள் மீண்டும் இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் சாயமேற்றிவிட்டுப் பிறகு அச்சடிக்க நினைப்பவர்கள், தாள் முழுமையாக உலர்ந்து தட்டையாக இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஈரப்பதமும் நெளிவும் உள்ள தாளை அச்சுப்பொறிக்குள் விட்டால் அது உள்ளே சிக்கிக்கொள்ளும். தேநீர்த் தாள் ஒன்றை உள்ளே விட்டு உருளையைப் பழுதாக்கிய வாடிக்கையாளர் ஒருவரால் எங்கள் கடை அரைநாள் மூடிக் கிடந்தது.

கையால் எழுதுவதாக இருந்தால், நீரில் கரையாத வரைபட மையைத் தொட்டு எழுதுங்கள். பள்ளியில் பயன்படுத்தும் நீல ஊற்றுப்பேனா மை, நனைத்தவுடன் போய்விடும். பந்துமுனைப் பேனா ஓரளவு தாங்கும் என்றாலும், அதன் எழுத்து சீரான தடிப்பில் இருப்பதால் பார்த்தவுடனேயே இக்காலத்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

---

பதில் 3
எழுதியவர்: கைவினை ஆர்வலர், தஞ்சாவூர்

சகோதரிக்கு என் அனுபவத்தையும் சொல்ல விரும்புகிறேன். தேநீரோடு அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் சேர்த்தால் தாளுக்கு அழகான பொன்னிறம் வருகிறது. காபிச் சாயமும் நன்றாக இருக்கும். தேநீர் செம்பழுப்பைக் கொடுக்கும் என்றால், காபி மண் நிறத்தைக் கொடுக்கும். வாசனை மட்டும் ஒரு வாரத்துக்குப் போகாது.

---

பதில் 4
எழுதியவர்: மேடைப்பொருள் செய்பவர், மதுரை

காபியைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. மஞ்சளை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. ஒத்திகை நாளில் பொன்னிறமாக இருந்த தாள் விழா நாளில் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். மேலும் மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பாவது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. நகல் தாள்களில் பலவற்றில் சுண்ணாம்புச் சத்து நிரப்பியாகச் சேர்க்கப்படுவதாலும், சோப்புக் கையோடு யாராவது தொட்டுவிடுவதாலும் எங்கே சிவப்பேறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

---

பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற சுவடிக் காப்பாளர், சென்னை

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பழைய ஏடுகளோடும் ஆவணங்களோடும் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. செய்முறையை நண்பர்கள் மிக நன்றாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் தாள் ஏன் பிஸ்கட்டைப் போல இருந்தது என்பதற்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் அதற்கான விடை தேநீரில் இல்லை.

தேநீர் நிறத்தைத்தான் கொடுக்கும். முதுமை என்பது ஒரு தாளை எங்கே காற்று தொட்டது, எங்கே வெளிச்சம் விழுந்தது, எந்த மூலையை எத்தனை விரல்கள் பிடித்துப் புரட்டின, எந்த மழைக்காலத்தில் எந்தப் பக்கம் ஈரம் ஏறியது என்பதன் தடம். மூடிய ஏட்டில் காற்று புகுவது ஓரங்களில்தான். எனவே ஓரம் முதலில் பழுத்து, நடுப்பகுதி நெடுங்காலம் வெளிறியே இருக்கும். உங்கள் தாள் நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருந்ததால்தான் கண் அதை ஏற்க மறுத்தது. ஆகவே நண்பர் சொன்ன சாயத்தில் பாதியளவு தண்ணீர் கலந்து முழுத்தாளையும் இரண்டு நிமிடம் மட்டும் நனையுங்கள். உலர்ந்த பிறகு, பன்னிரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கெட்டியான சாயத்தைப் பஞ்சில் தொட்டு நான்கு ஓரங்களிலும் ஒற்றுங்கள். சாயம் ஓரத்திலிருந்து அரை விரற்கடை அளவு உள்ளே ஊறி, தானாகவே மங்கி முடியும். கணக்கேட்டுக்கும் இதே முறைதான். முழுப் புத்தகத்தையும் தேநீரில் முக்கிவிடாதீர்கள், அது ஒருபோதும் சரியாக உலராது. ஏட்டின் வலப்பக்கக் கீழ்மூலையில் மட்டும் கூடுதலாக இரண்டு ஒற்று ஒற்றுங்கள். பக்கம் புரட்டும் கை தொடும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. பழைய தாள் என்றாலே கரும்பழுப்பு என்று நாம் நினைப்பதற்குக் காரணம், நம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய செய்தித்தாள்களும் மலிவுப் பதிப்புகளும்தான். அவை மரக்கூழில் செய்தவை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் காற்றாலும் வெளிச்சத்தாலும் பழுக்கிறது. ஒரு செய்தித்தாளைச் சில நாள் வெயிலில் போட்டுவைத்தாலே இதைக் காணலாம். மரக்கூழ்த் தாள் பரவியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்த்துத் தாளுக்கு உறுதியேற்றும் முறையும் 1807இல்தான் வெளியாயிற்று. அந்தப் படிகாரத்தின் அமிலமே பிற்காலத் தாள்களை உள்ளிருந்து பொடியாக்கியது. பிள்ளை வாழ்ந்த காலத்து ஐரோப்பியத் தாள் கந்தைத் துணியைக் கூழாக்கிச் செய்தது, ஊன்பசை ஏற்றியது. அத்தகைய தாள்கள் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் பாலாடை நிறத்தில் உறுதியாக இருப்பதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அதே அலமாரியில் இருந்த 1950களின் நாளேடு தொட்டவுடன் நொறுங்கியிருக்கிறது.

அதனால் என் முதன்மையான கருத்து இது. பிள்ளை அமர்ந்து எழுதும் காட்சியில் அந்த ஏடு புத்தம்புதியது. அவர் முன்னால் பழுப்பேறிய தாளை வைப்பது தவறு. இளமஞ்சள் மேப்லித்தோவை எதுவும் செய்யாமல் அப்படியே வைத்தால் போதும். 1846ஆம் ஆண்டுக் காட்சிக்கு மட்டும் முதுமை வேண்டும். அதுவும் நூறாண்டு முதுமை, ஆயிரமாண்டு முதுமை அன்று. நாடகம் பின்னோக்கிச் செல்லும்போது மாணவன் கையில் உள்ள பழுத்த ஏடு மறைந்து வெளிறிய ஏடு வருமானால், காலம் மாறியதைப் பார்வையாளர்களுக்கு வசனமில்லாமலே சொல்லிவிடலாம்.

நம் ஊரின் ஈரக்காற்றும் பூச்சியும் செய்யும் வேலையை அந்தப் பன்னிரண்டு தாள்களில் காட்டுங்கள். பழைய தாளில் மிளகளவுப் பழுப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல இருக்கும். பூஞ்சையாலும் இரும்புத் துகள்களாலும் வருபவை அவை. தாள் இன்னும் ஈரமாக இருக்கும்போது இன்ஸ்டன்ட் காபித்தூளில் ஒரு சிட்டிகையை உயரத்திலிருந்து தூவி, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுத்தால் அதே புள்ளிகள் வரும். இராமபாணப் பூச்சி துளைத்த ஏட்டில், ஒரு துளை அடுத்தடுத்த தாள்களிலும் அதே இடத்தில் இருக்கும். தாள்களை அடுக்கிவைத்துக் கோணூசியால் நான்கைந்து இடத்தில் குத்துங்கள். சில துளைகள் ஐந்தாம் தாளோடு நிற்கட்டும், சில பன்னிரண்டாவது வரை போகட்டும். மாணவன் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடிக்கும்போது அந்தத் துளைகள் பேசும்.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. கணினியில் அச்சடிப்பதைவிட மாணவர்களைக் கொண்டு கையால் எழுதச்செய்யுங்கள். அக்காலக் கையெழுத்தில் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை, எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு துதிக்கை போல வளைந்த குறியோடு எழுதப்பட்டவை. வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய கடிதங்கள் இருந்தால் மாணவர்கள் அதைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். விளக்குக்கரி மை காலத்தால் நிறம் மாறுவதில்லை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மையோ ஆண்டுகள் செல்லச்செல்லப் பழுப்பாகும். எந்த மையில் எழுதியதாகக் காட்டினாலும் தவறில்லை, ஆனால் பன்னிரண்டு தாளிலும் ஒரே மையாக இருக்கட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் பள்ளியின் பெயரையும், இது நாடகத்துக்காகச் செய்யப்பட்டது என்பதையும், ஆண்டையும் பென்சிலால் எழுதிவையுங்கள். நன்றாகச் செய்த போலித் தாள் பத்தாண்டு கழித்து ஒரு பெட்டிக்குள்ளிருந்து வெளிவந்தால், அதை உண்மை என்று நம்பி ஒருவர் கட்டுரையே எழுதிவிடக்கூடும். அப்படி வந்த தாள் ஒன்றைப் போலி என்று நிறுவுவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதைக் கொண்டுவந்த முதியவர் அது தம் குடும்பச் சொத்து என்று உண்மையாகவே நம்பியிருந்தார். தேநீரில் அமிலம் இருப்பதால், இந்தத் தாள்களை வீட்டிலோ நூலகத்திலோ உண்மையான பழைய ஏடுகளோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம்.

---

பதில் 6
எழுதியவர்: தமிழாசிரியை, விழுப்புரம்

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சுவடிக் காப்பாளர் ஐயா சொன்னதைப் படித்த அன்றே நாடகக் குழுவைக் கூட்டிப் பேசினேன். பிள்ளை எழுதும் காட்சிக்குப் புதிய ஏடு, கண்டெடுக்கும் காட்சிக்குப் பழைய ஏடு என்று இரண்டாகப் பிரித்துவிட்டோம். நான் பழமையாக்க நினைத்திருந்த வேலையில் பாதி தேவையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

சனிக்கிழமை பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினோம். தேநீர் கொதிக்கவைத்ததும் இஸ்திரி போட்டதும் நான். மற்ற எல்லாவற்றையும் அவர்களே செய்தார்கள். ஐந்து பட்டைகளையும் கரும்பலகையில் வரிசையாக ஒட்டிவைத்தபோது, 5 நிமிடப் பட்டைக்கும் 10 நிமிடப் பட்டைக்கும் வேறுபாடு மிகச் சிறிதாகவும், 1 நிமிடத்துக்கும் 3 நிமிடத்துக்கும் இடையே பெரிதாகவும் இருந்ததை ஒரு மாணவி கவனித்துச் சொன்னாள். கசக்கிய தாளில் கோடுகள் கருத்து எழுந்தபோது, தட்டைச் சுற்றி நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாணவன் தன் பாட்டி வைத்திருந்த 1960களின் அஞ்சலட்டைகளைக் கொண்டுவந்தான். அவற்றைப் பார்த்து அன்று மாலைக்குள் வகுப்பில் பாதிப்பேர் பழைய லை, ணை எழுதப் பழகிவிட்டார்கள்.

ஒரே ஒரு குறை. ஓரங்களில் சாயம் ஒற்றிய பிறகு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டைப் பிரிக்கும்போது ஓரம் சற்றுக் கிழிந்துவிட்டது. அத்துடன், தொடர்ந்து மழை பெய்வதால் ஓரங்களில் மக்கிய வாடை வருகிறது. பூஞ்சை பிடித்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

---

பதில் 7
எழுதியவர்: ஓய்வுபெற்ற சுவடிக் காப்பாளர், சென்னை

மிக்க மகிழ்ச்சி, அம்மா. ஓரத்தில் ஒற்றியவுடனேயே தாள்களை விசிறிபோல விரித்துவிட வேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்; அது என் பிழை. கிழிந்த இரண்டையும் தூக்கி எறியாதீர்கள், அவற்றை அடுக்கின் மேலேயும் கீழேயும் வையுங்கள். உண்மையான ஏட்டிலும் முதலில் சிதைவது அந்த இரண்டும்தான்.

வாடை வருவது உள்ளே ஈரம் தங்கியிருப்பதால். கையால் தொட்டால் உலர்ந்ததுபோல இருந்தாலும் ஒவ்வொரு தாளையும் இன்னொருமுறை துணிக்கு நடுவே வைத்து, நீராவி இல்லாமல், இருபுறமும் இஸ்திரி போடுங்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு பரப்பிவைத்துவிட்டு, தாளுக்குத் தாள் இடையில் எழுதாத வெள்ளைத் தாளை இட்டு, மேலே கனமான அகராதி ஒன்றை ஏற்றிவையுங்கள். இடையில் செய்தித்தாளை மட்டும் வைக்காதீர்கள், அதன் மை இதில் ஏறிவிடும். வெள்ளைத் தாள்களை மறுநாள் ஒருமுறை மாற்றினால் மீதி ஈரத்தையும் அவை குடித்துவிடும். விழாவுக்கு முதல் நாள் வரை அகராதிக்கு அடியிலேயே இருக்கட்டும்.